மேடைப் பேச்சும் சமூகத் தளமும்
ஈழத்துத் தமிழ் நாடகத்திற் பேச்சுவழக்குப் பெறும் இடம்

நாவலாசிரியன் தனது பாத்திரம் எக்குலத்தது, எத்தொழிலது, எத்துணைப் பொருள் வசதி படைத்தது என்பவற்றைத் தன் கூற்றாகவே சொல்லிவிடலாம். நாடகாசிரியனுக்கு அவ்வசதி இல்லை. பாத்திரம் மேடையில் தோன்றி வாய் திறந்ததும் அதன் சமூக நிலை அவையோருக்குப் புலனாதல் வேண்டும். உடையும் ஒப்பனையும் இதற்கு ஓரளவு துணை செய்யுமாயினும், கடன் வாங்கிய பட்டுச் சால்வை ஒருவனது நிலையை மறைத்துவிடக் கூடும். அவன் வாயிலிருந்து வரும் முதலாவது வினைமுற்று அதனை மறைப்பதில்லை. எனவே, நாடகத்திலே யார் எவ்வகைத் தமிழைப் பேசுகின்றனர் என்ற வினா வெறும் மொழியியல் வினா அன்று. எவருடைய பேச்சு மதிப்புக்குரியது, எவருடைய பேச்சு நகைப்புக்குரியது என்பதை ஒரு சமுதாயம் எவ்வாறு தீர்மானித்துள்ளது என்ற வினாவும் அதனுள் அடங்கியிருக்கின்றது. ஈழத்துத் தமிழ் நாடகத்தை இக்கோணத்திலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிறப்பும் மொழியும்: பழைய விதி

நாடகத்தில் மொழியைச் சமூகப் படிநிலைக்கேற்பப் பங்கிடும் வழக்கம் மிகப் பழையது. வடமொழி நாடக மரபிலே அரசனும் அமைச்சனும் அந்தணரும் சமஸ்கிருதத்திற் பேசுவர். அரசியே ஆயினும் பெண்கள் பெரும்பாலும் சௌரசேனிப் பிராகிருதத்திலேயே பேசுவர். தாழ்ந்தோரெனக் கருதப்பட்டோருக்கு மாகதி முதலிய பிராகிருதங்கள் உரியன. நாட்டிய சாஸ்திரம் இப்பங்கீட்டை விதியாகவே வகுத்துரைக்கின்றது. காளிதாசரின் சாகுந்தலத்தில் மோதிரத்தைக் கண்டெடுக்கும் மீனவன் மாகதி பேசுகிறான். அந்த மோதிரத்துக்குரிய அரசன் சமஸ்கிருதம் பேசுகிறான். ஒரே மேடையில் நின்று ஒருவர் பேசுவதை மற்றவர் தடையின்றி விளங்கிக்கொள்ளும் இவர்கள், ஒருவருடைய மொழியை மற்றவர் பேசுவதில்லை.

இவ்விதியின் உட்பொருளைச் சூத்திரகரின் மிருச்சகடிகம் நன்கு விளக்குகின்றது. அதிலே வரும் சகாரன் அரசனுடைய மைத்துனன்; செல்வமும் அதிகாரமும் உடையவன். ஆயினும் அவன் பேசுவது மாகதியின் பாற்பட்ட ஒரு கொச்சை. ஒலிகளைப் பிறழ உச்சரிப்பதனாலேயே அவையோரைச் சிரிக்க வைப்பவன் அவன். வணிகத் தொழிலில் ஈடுபட்டு வறுமையுற்ற அந்தணனாகிய சாருதத்தனோ பொருளை இழந்த பின்னரும் சமஸ்கிருதத்தை இழப்பதில்லை. பொருள் வரும், போகும். மொழி பிறப்போடு வருவது என்பதே இதன் கருத்து.

எமது அரங்கிலும் இக்கருத்துக்கு நேரான சான்று உண்டு. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) ஆயிரக்கணக்கான முறை நடித்துப் புகழ்பெற்ற 'மயான காண்டம்' இசை நாடகத்தில், அரிச்சந்திரன் நாடிழந்து, மனைவி மக்களை விற்று, சுடலை காக்கும் வீரவாகுவுக்கு அடிமையாகின்றான். அவனுடைய உடை மாறுகிறது, தொழில் மாறுகிறது, பெயர் சொல்லி அழைப்போர் முறையும் மாறுகிறது. பாட்டும் வசனமும் மட்டும் அரசனுக்குரிய செந்தமிழிலேயே நிற்கின்றன. சுடலையில் நிற்பவன் மன்னனே என்பதை அவையோர் மறவாதிருப்பது அம்மொழியினாலேயே. அந்நாடகத்தின் அவலச் சுவைக்கு இஃது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. எனினும், சுடலையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவனுடைய துயரத்தை அதே அளவு கனிவோடு கேட்பதற்கு அம்மேடையில் மொழி இருந்ததா என்று வினவுதல் பொருந்தும்.

கூத்து மரபிலும் இப்பங்கீட்டைக் காணலாம். அரசர்களும் வீரர்களும் விருத்தத்திலும் தருவிலும் தம்மை வெளியிட, இடையிடையே கொச்சை வசனம் பேசி நகைப்பூட்டும் உரிமை கட்டியகாரன், பறையறைவோன், சேவகன் முதலியோருக்கே கிடைத்தது. ஆயின் ஒன்றை மறத்தலாகாது. மட்டக்களப்பிலோ மன்னாரிலோ கூத்தாடியவர்கள் பகலில் வயலிலும் கடலிலும் உழைத்த மக்களே. ஓர் இரவுக்கேனும் அரசனுடைய மொழி அவர்கள் வாயில் இருந்தது. மொழி பிறப்போடு வருவதன்று, பயின்றால் எவருக்கும் வாய்ப்பது என்னும் உண்மை அக்களரியில் விடியும்வரை கண்முன்னே நின்றது. அதனை எவரும் கோட்பாடாக எடுத்துரைக்கவில்லை, அவ்வளவே.

2. விதியை மறுத்த நாடகம்

அவ்வுண்மையை மேற்குலகில் மேடைக் கருப்பொருளாக்கியவர் பெர்னாட் ஷா. அவரது 'பிக்மேலியன்' 1913இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியிலும், 1914இல் இலண்டனில் ஆங்கிலத்திலும் மேடையேறியது. தெருவிற் பூ விற்கும் எலைசாவுக்கு ஒலியியல் அறிஞர் ஹிக்கின்ஸ் உயர்குடி உச்சரிப்பைப் பயிற்றுகிறார். அவள் உயர்குடியினளாகவே ஏற்கப்படுகிறாள். சூத்திரகரின் விதி இங்கு தலைகீழாகின்றது. உச்சரிப்புச் சில மாதப் பயிற்சியால் வருவதாயின், அதன்மீது கட்டப்பட்ட குலப்பெருமை வெறும் புனைவு என்பது பெறப்படும்.

ஷா இவ்வளவோடு நின்றுவிடவில்லை. ஹிக்கின்ஸின் தாயார் வீட்டிலே எலைசா குற்றமற்ற உச்சரிப்பில் தன் தெருவுக்குரிய செய்திகளைப் பேசும்போது, ஒலி ஒரு வர்க்கத்தினதாகவும் பொருள் இன்னொரு வர்க்கத்தினதாகவும் பிரிந்து நிற்கின்றன. அவளுடைய தந்தையான குப்பைக்காரர் டூலிற்றிலோ தம் பேச்சை மாற்றாமலே எதிர்பாராது கிடைத்த பணத்தால் மேல்நிலை அடைகிறார். அடைந்தபின் அந்நிலையின் ஒழுக்கக் கட்டுப்பாடுகளை நொந்துகொள்கிறார். பேச்சு மாறியவளுக்கு வாழ வழியில்லை. வழி கிடைத்தவருக்குப் பேச்சு மாறவில்லை. பேச்சும் பொருளாதார நிலையும் ஒன்றையொன்று தழுவியன. ஆனால் ஒன்றல்ல என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

3. கணபதிப்பிள்ளையும் யாழ்ப்பாணப் பேச்சும்

ஈழத்திலே பேச்சுத்தமிழை நாடக மொழியாக ஆய்வுணர்வோடு கையாண்ட முன்னோடி பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968). சாசனத் தமிழை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்ற மொழியியலாளர் அவர். 1930களிலே பல்கலைக்கழகக் கல்லூரித் தமிழ்ச் சங்க மேடைக்கென அவர் எழுதத் தொடங்கிய நாடகங்களுள் 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்', 'கண்ணன் கூத்து', 'நாட்டவன் நகர வாழ்க்கை' ஆகிய நான்கும் 1940இல் 'நானாடகம்' என நூலுருப் பெற்றன. 'பொருளோ பொருள்', 'தவறான எண்ணம்' ஆகிய இரண்டும் 1952இல் 'இருநாடகம்' என வெளிவந்தன. நாடகம் உலகியலைக் காட்டுவதாயின், மக்கள் தம் மனையிலும் தெருவிலும் வழங்கும் மொழியே அதற்குரியது என்பது அவர் கொள்கை. இலக்கண வழுவற்ற தமிழே மேடைக்குரியதென்று கருதப்பட்ட காலத்தில், தமிழ்ப் பேராசிரியர் ஒருவரே இவ்வாறு கூறியது சிறிய துணிவன்று. அவரே ஹர்ஷரின் இரத்தினாவளியைத் தழுவி 'மாணிக்கமாலை'யையும், வரலாற்று நாடகமாகச் 'சங்கிலி'யையும் எழுதினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கணபதிப்பிள்ளையின் தெரிவு ஏன் சமூகவியல் முக்கியத்துவம் உடையது என்பதை அறிய, யாழ்ப்பாணப் பேச்சின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். எழுத்துத் தமிழில் நீ, நீங்கள் என்னும் இரண்டனுள் பெரும்பாலும் அடங்கிவிடும் முன்னிலை, அங்கே நீ, நீர், நீங்கள் என மூன்றாக நிற்கின்றது. 'வா', 'வாரும்', 'வாருங்கோ' என ஏவலும் அவ்வாறே மூன்றாகும். கணவன் மனைவியை 'இஞ்சாரும்' என்பான். மனைவி கணவனை 'இஞ்சாருங்கோ' என்பாள். தாயையும் பாட்டியையும் 'எணை' என்று விளிக்கையில் உரிமையும் மதிப்பும் ஒருங்கே தோன்றும். சுட்டிலும் 'இவன்', 'அவன்' என்பவற்றுக்கிடையே 'உவன்' நின்று, சிலவேளை இகழ்ச்சிக் குறிப்பையும் தாங்கும். எனவே, யாழ்ப்பாணத்தவர் இருவர் பேசத் தொடங்கினால், ஒருவரையொருவர் எப்படியில் வைத்துள்ளனர் என்பதை இலக்கணமே அறிவித்துவிடும். இதனை வெளியிடாது ஒரு கட்டளை வாக்கியத்தைத் தானும் அங்கு அமைத்தல் அரிது.

இவ்விலக்கணம் குடும்ப உறவோடு நின்றுவிடவில்லை. உயர்சாதிச் சிறுவன் ஒருவன் தன் பாட்டன் வயதுடைய தொழிலாளியை 'நீ' என்றும், 'டா' சேர்த்தும் அழைக்க, அம்முதியவர் அச்சிறுவனை 'நயினார், வாருங்கோ' என்று அழைத்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. யாழ்ப்பாணச் சமூகத்திற் சாதிக்கும் மொழிக்குமுள்ள உறவைப் பேராசிரியர் சு. சுசீந்திரராசா மொழியியல் நோக்கில் ஆராய்ந்துள்ளார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பொது இடங்களில் இடமறுத்தலைக் குற்றமாக்கியது. ஆனால், 'நீ' என்ற ஓரெழுத்துச் சொல் செய்யும் இடமறுப்பை எச்சட்டமும் தடுக்க முடியவில்லை. மேடையிலோ அச்சொல்லை எல்லோர் காதிலும் விழச் செய்யலாம். 'உடையார்' என்னும் பதவி குடியேற்ற ஆட்சியில் ஊரதிகாரத்தின் சின்னம். அவ்வதிகாரம் தேய்ந்த பின்னரும் ஏவல் வினை மட்டும் தேயாது நிற்பதை, செந்தமிழ் வசனத்தில் எழுதியிருந்தால் எவராலும் காட்டியிருத்தல் இயலாது.

சொற்களும் இவ்வாறே. 'கந்தோர்', 'புறக்கிராசி', 'தவறணை' என ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் விட்டுச் சென்ற சொற்களை வழங்கும் கமக்காரரும், 'ஒபீஸ்', 'லோயர்' என்று ஆங்கிலம் கலக்கும் கொழும்பு எழுதுவினைஞரும் ஒரே பொருளையே சுட்டுகின்றனர்; ஆயினும் இரு தலைமுறைகளும் இரு வர்க்கங்களும் அங்கே எதிர்ப்படுகின்றன. இயல்பான யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். ஆதலால் மேடையில் ஒருவர் ழகரத்தைத் திருத்தமாக ஒலிப்பாராயின் அவர் பண்டிதரென்றோ, பண்டிதராகக் கருதப்பட விரும்புபவரென்றோ அவை கண்டுகொள்ளும். எழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டாது. அச்சிட்ட நாடகத்திற் காணப்படாத வர்க்கம் நடிகனின் நாவிலே தான் பிறக்கின்றது.

கணபதிப்பிள்ளையின் சாதனைக்கு எல்லையும் உண்டு. அவர் மேடைக்குக் கொணர்ந்தது பெரும்பாலும் வடமராட்சி சார்ந்த, நிலமும் கல்வியும் உடைய குடும்பங்களின் வீட்டுப் பேச்சு. அப்பேச்சே பின்னர் 'யாழ்ப்பாணத் தமிழ்' என்னும் பொதுப்பெயரைப் பெற்றது. இலங்கை வானொலியில் இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' போன்ற தொடர்கள் அதனை நாடெங்கும் பரப்பின. பிற்காலத்திற் பேராசிரியரான கா. சிவத்தம்பி அதில் விதானையாராக நடித்தார். செந்தமிழுக்கு மாற்றாக எழுந்த ஒரு பேச்சு, தானே ஒரு நியமமாகி, ஏனைய பேச்சுகளை அளக்கும் கோலாயிற்று.

4. 'இழிசனர் வழக்கு'

1960களின் தொடக்கத்தில் ஈழத்திலக்கிய உலகைக் கலக்கிய மரபுப் போராட்டத்தை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். சாதாரண மக்களின் பேச்சைக் கதையிலும் நாடகத்திலும் எழுதியவர்களை நோக்கி மரபுவாதிகள் பயன்படுத்திய சொல் 'இழிசனர் வழக்கு' என்பதாகும். வழக்கென்பது உயர்ந்தோரைச் சார்ந்தது எனும் தொல்காப்பியக் கருத்து அவர்களுக்கு அரணாயிற்று. முற்போக்கு எழுத்தாளர்கள், உயர்ந்தோர் யார், இழிசனர் யார் என்று திருப்பிக் கேட்டனர்.

கவனித்தால், அச்சொற்றொடர் மொழியைப் பற்றியதே அன்று. கொச்சை என்றோ பிழை என்றோ குறை கூறியிருந்தால் அது மொழி பற்றிய குற்றச்சாட்டாகும். 'இழிசனர்' என்றபோது குற்றம் பேச்சின் மேலன்றிப் பேசுவோர் மேலேயே சாற்றப்பட்டது. உயர்குடும்பத்து வீட்டுப் பேச்சும் இலக்கணத்தோடு பொருந்தாததே. ஆயினும் அதற்கு இப்பெயர் சூட்டப்படவில்லை. ஆகவே அப்போராட்டம் இலக்கணத்துக்கும் வழுவுக்குமிடையே நிகழ்ந்ததன்று. எவர் கேட்கப்படத் தக்கவர் என்பது குறித்தே நிகழ்ந்தது.

5. சிரிப்பின் அரசியல்

முற்போக்காளர் அவ்வாதத்தில் வென்றனர் எனலாம். ஆயின் வெற்றிக்குப் பின்னரும் ஒரு வழக்கம் மேடையை விட்டகலவில்லை: நியமமற்ற பேச்சு சிரிப்புக்கு உரியது என்னும் வழக்கம் அது. 1970களில் வானொலியிற் பெரும் வரவேற்புப் பெற்ற 'கோமாளிகளின் கும்மாளம்', 1976இல் 'கோமாளிகள்' எனத் திரைப்படமுமாயிற்று. மரிக்காராக எஸ். ராம்தாஸ் முஸ்லிம் தமிழையும், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழையும், உபாலியாக எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழையும் பேசினர். அப்பாத்திரப் பெயர்களே நடிகர்களின் பெயர்களோடு நிலைத்துவிட்டன. அந்நிகழ்ச்சியை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. எல்லோருடைய பேச்சும் அங்கே சமமாக நகையாடப்பட்டது. பல்லினத்தவர் ஒரே கூரையின்கீழ்ப் பேசிய அரிய களமாகவும் அது விளங்கியது.

சிக்கல் எழுவது, ஒருவர் மட்டும் பேச்சு வழக்கினாற் சிரிக்க வைக்க, ஏனையோர் 'இயல்பாக'ப் பேசும் மேடைகளிலேயே. மலையகத் தமிழின் நிலை இதற்குத் தக்க உதாரணம். தோட்டங்களிலிருந்து சிறுவர்களை வீட்டு வேலைக்குக் கொண்டுவந்த வழக்கம் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நீண்டகாலம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாட்டுரிமை இழந்த மக்களின் பிள்ளைகள் அவர்கள். அதன் விளைவாக, 'வர்றேங்க', 'போறேங்க' என்று வாக்கிய இறுதியில் வரும் பணிவு விகுதி, பிற பிரதேசத்துக் காதுகளுக்கு வேலைக்காரனின் குரலாகவே கேட்கலாயிற்று. கங்காணியிடமும் துரையிடமும் பேசிப் பழகிய வாயில் அவ்விகுதி எவ்வாறு நிலைத்தது என்ற வரலாறு கேட்கப்படவில்லை. மேடையில் அது ஒரு வேடிக்கை ஒலியாகிவிட்டது. இன்றும் பாடசாலை நாடகமொன்றில் வேலைக்காரன் பாத்திரம் ஏற்கும் மாணவன், எவரும் சொல்லிக்கொடாமலே அவ்விழுப்பை எடுத்துக்கொள்வதைக் காணலாம். பிரதியில் அவ்வாறு எழுதப்பட்டிராது. சமூகம் அவன் செவியில் எழுதியதையே அவன் நடிக்கிறான். மட்டக்களப்புப் பேச்சின் 'கா' என்னும் விளியும் பிற பிரதேச மேடைகளில் இவ்வாறே அதன் இனிமை நீங்கிக் கேலிக்குரியதாவதுண்டு.

சகாரனுடைய பிறழ் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்த அவைக்கும் இவ்வவைக்கும் வேறுபாடு உண்டு. சகாரன் அதிகாரம் உடையவன், அச்சிரிப்பு மேல்நோக்கியது. எமது மேடையின் சிரிப்போ பெரும்பாலும் கீழ்நோக்கியே செல்கின்றது.

6. இரு வழிகள்

ஒடுக்கப்பட்டோரை மேடையிற் கண்ணியத்தோடு பேசவைக்க முயன்ற ஈழத்து நாடகக்காரர் இரு வழிகளைக் கையாண்டனர்.

முதலாவது, அரசனுடைய மொழியைத் தொழிலாளிக்கு வழங்குதல். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையிலே 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றின் வாயிலாகக் கூத்தைப் புதுப்பித்தார். அவ்வழிவந்த சி. மௌனகுருவின் 'சங்காரம்' (1969), சாதி, இன, மத, வர்க்க பேதங்களை அரக்கராக உருவகித்து, உழைக்கும் மக்கள் அவற்றை அழிப்பதாகக் காட்டிற்று. வடமோடியின் ஆட்டமும் பாட்டும் அதிலே தொழிலாளர்க்கு உரியவாயின. 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டச் சூழலில், என். கே. ரகுநாதனின் எழுத்தினடியாக எழுந்து அம்பலத்தாடிகளால் மேடையேற்றப்பட்ட 'கந்தன் கருணை'யும் கூத்து வடிவத்தையே படைக்கலமாக்கிற்று. கோயில் வாயில் மறுக்கப்பட்டவர்கள் தருவிலும் விருத்தத்திலும் தம் நியாயத்தை உரைத்தபோது, பழைய மொழிப் பங்கீடு உடைந்தது.

இரண்டாவது வழி, மக்களின் பேச்சையே அவலமும் சினமும் தாங்கும் மொழியாக உயர்த்துதல். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் யாழ்ப்பாணக் கிராமங்களுக்குச் சென்றது. அங்கே உழவர் பேச்சுக்கு எவரும் சிரிக்கவில்லை; தம் வீட்டுப் பேச்சே போரின் துயரைச் சொல்லக் கேட்டனர்.

இரு வழிகளுக்கும் இழப்பு உண்டு. முதலாவதில் உழைப்பாளி கம்பீரம் பெறுகிறான்; ஆனால் அவனுக்கே உரிய சொற்களை இழக்கிறான்; அவன் ஓர் உருவகமாகிவிடும் இடர் உண்டு. இரண்டாவதில் அவன் தன் சொற்களோடு வருகிறான். ஆனால் எந்தப் பிரதேசத்து, எந்தச் சாதியினது பேச்சு 'மக்கள் பேச்சு' ஆகின்றது என்ற பழைய வினா மீண்டும் எழுகின்றது. இவ்விரண்டையும் இணைக்க முயன்றவர் மஹாகவி (1927–1971). நாதசுரக் கலைஞர் ஒருவரின் குடும்பத்தை மையமாகக் கொண்ட 'கோடை' என்னும் பாநாடகத்திலே, யாப்பு குலையாமலே பேச்சோசை கேட்கின்றது. உயர்மொழி, தாழ்மொழி என்ற எதிர்வே அங்கு தளர்ந்துவிடுகிறது. அவ்வழியைத் தொடர்ந்தோர் சிலரே.

7. முடிவுரை

இதுவரை கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். மேடைமொழி ஒருபோதும் நடுநிலையானதன்று; செந்தமிழும் ஒரு வர்க்கத்தின் பேச்சே, அதற்கு மாற்றாக எழுந்த 'பேச்சுத் தமிழும்' ஒரு வர்க்கத்தின் பேச்சே. பேச்சு வழக்கை மேடைக்குக் கொணர்தல் மட்டும் முற்போக்காகிவிடாது. அவ்வழக்கு அங்கே சிந்திக்கின்றதா, அன்றிச் சிரிக்க வைக்க மட்டுமே அனுமதிக்கப்பட்டுள்ளதா என்பதே உரைகல். எழுத்திற் காணாத உச்சரிப்பு நடிகனாலும் நெறியாளனாலும் சேர்க்கப்படுவதால், இப்பொறுப்பு நாடகாசிரியனோடு முடிந்துவிடுவதுமன்று.

தென்னிந்தியத் தொலைக்காட்சித் தொடர்களின் பேச்சைக் கேட்டு வளரும் தலைமுறை எமது மேடைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றது. அத்தமிழ் அவர்கள் நாவில் நாகரிகத்தின் ஒலியாகவும், பாட்டியின் 'எணை' பின்தங்கியதன் ஒலியாகவும் மாறக்கூடும். பல்கலைக்கழக நாடகக் குழுக்கள் ஒத்திகையின் முதல்நாளிலேயே ஒரு வினாவை எழுப்பிக்கொள்வது நன்று: வேலைக்காரனுடைய வசனங்களை வீட்டுக்காரருடைய பேச்சிலும், வீட்டுக்காரருடைய வசனங்களை வேலைக்காரனுடைய பேச்சிலும் ஒருமுறை மாற்றிப் பேசிப் பார்த்தால், அப்போதும் நாம் அதே இடங்களிற் சிரிப்போமா? சிரிக்க மாட்டோமெனின், நாம் இதுவரை சிரித்தது நகைச்சுவைக்கன்று; ஒரு மனிதனுடைய பிறப்புக்கும் வறுமைக்குமே.